சிறுநீர்ப்பைப் புற்றுநோய்: கீமோவுக்கும் ஆபரேஷனுக்கும் நடுவே

திருக்குறளில் ‘மருந்து’ என்ற அதிகாரத்தின் கடைசிக் குறள், மருத்துவம் நான்கு கூறுகளைக் கொண்டது என்கிறது. நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பார்த்துக்கொள்பவர் என்பன அந்த நான்கு. ஆஸ்பத்திரி என்றதும் நமக்கு இவற்றில் இரண்டுதான் நினைவுக்கு வருகின்றன: டாக்டரும் மருந்தும். மற்ற இருவரும் சொன்னதைக் கேட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டியவர்கள் என்று நினைத்துவிடுகிறோம்.

சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்குக் கீமோதெரபி எடுத்து முடித்து, பையையே அகற்றும் பெரிய ஆபரேஷனுக்குக் காத்திருக்கும் குடும்பங்களில் இந்த நினைப்பு கெடுதலாக முடியும். அந்த ஐந்தாறு வாரங்களில் மருந்து தன் வேலையை முடித்திருக்கும். சர்ஜனின் வேலை இன்னும் தொடங்கியிருக்காது. இடைப்பட்ட நாட்களில் ஆகவேண்டிய காரியங்களில் பெரும்பாலானவை நோயாளியும் வீட்டாரும் செய்யவேண்டியவை. ஆபரேஷன் எப்படி முடிகிறது, அதற்குப் பிறகு வாழ்க்கை எப்படி நடக்கிறது என்பதில் இந்த வாரங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. மாமா, சித்தப்பா என்று ஓடிவர ஆட்கள் பக்கத்துத் தெருவில் இல்லாத நம்மைப் போன்ற வெளிமாநிலக் குடும்பங்களுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

ஒவ்வொரு நோயாளியின் நிலையும் வேறு. இங்கே எழுதியிருப்பவை டாக்டரிடம் விவரமாகப் பேச உதவுமே தவிர, அவர் சொல்லுக்கு மாற்று ஆகா.

நோய் எது, சிகிச்சை எது?

வலியே இல்லாமல் சிறுநீரில் ரத்தம் போவதுதான் இந்நோயின் முக்கிய அறிகுறி. பெண்களைவிட ஆண்களுக்கு மூன்று, நான்கு மடங்கு அதிகமாக வருகிறது. சிகரெட், பீடிப் பழக்கமே முதல் காரணம். புகையிலையின் நச்சுப் பொருள்கள் ரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தில் வடிகட்டப்பட்டு, சிறுநீரோடு பையில் மணிக்கணக்கில் தங்குவதால் பையின் உட்சுவர் கெடுகிறது.

பெரும்பாலானோருக்குக் கட்டி உட்படலத்தோடு நின்றிருக்கும். அதைச் சிறுநீர்த் துவாரம் வழியாகவே கருவி செலுத்திச் சுரண்டி எடுத்துவிடலாம். ஏறத்தாழ நாலில் ஒரு பங்கினருக்குக் கண்டுபிடிக்கும்போதே பையின் தசைச்சுவருக்குள் வேர் இறங்கியிருக்கும். அப்போது சுரண்டி எடுப்பது போதாது. உடலில் கண்ணுக்குத் தெரியாமல் சிதறியிருக்கக்கூடிய செல்களை ஒடுக்க முதலில் சிஸ்பிளாட்டின் சேர்ந்த கீமோ, பிறகு பையை அகற்றும் ஆபரேஷன் என்பது நிலைபெற்ற முறை. ஆண்களுக்குப் பையோடு பிராஸ்டேட் சுரப்பியும் விந்துப் பைகளும் எடுக்கப்படும். பெண்களுக்குப் பல சமயம் கருப்பையும், சினைப்பைகளும், பிறப்புறுப்பின் முன்சுவரும் சேரும். இடுப்புக் குழியின் நிணநீர் முடிச்சுகளையும் எடுத்துவிடுவார்கள்.

கீமோவை முன்னால் கொடுப்பது ஏன்? 2003இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு ஒன்றில் முந்நூற்றுச் சொச்சம் நோயாளிகள் இரு பிரிவாகச் சிகிச்சை பெற்றனர். ஆபரேஷன் மட்டும் என்ற பிரிவில் பாதிப் பேர் 46 மாதங்களைத் தாண்டி வாழ்ந்தனர். கீமோவுக்குப் பின் ஆபரேஷன் என்ற பிரிவில் இது 77 மாதங்களாக இருந்தது. 2024இல் அதே இதழில் வந்த நயாகரா ஆய்வில், கீமோவோடு டுர்வலுமாப் என்ற நோய் எதிர்ப்புச் சக்தி மருந்தையும் சேர்த்துக் கொடுத்தவர்களில் 2 ஆண்டு முடிவில் 100க்கு 82 பேர் உயிருடன் இருந்தனர். கீமோவும் ஆபரேஷனும் மட்டும் பெற்றவர்களில் அது 75.

‘கட்டிதான் கரைஞ்சு போச்சே!’

கீமோ முடிந்து ஸ்கேன் எடுத்தால் சிலருக்குக் கட்டியே தெரியாது. சிறுநீரில் ரத்தம் நின்றிருக்கும். முகத்தில் களை திரும்பியிருக்கும். ‘கட்டிதான் கரைஞ்சு போச்சே, இனி எதுக்கு வயித்தைக் கிழிக்கணும்?’ என்று வீட்டில் யாராவது ஒருவர் கேட்பார். நியாயமான கேள்விதான். பதிலைத் தெரிந்துகொண்டுதான் முடிவெடுக்க வேண்டும்.

மேலே சொன்ன 2003 ஆய்வில், கீமோ பெற்றவர்களில் 100க்கு 38 பேருக்கு, அகற்றிய பையை மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது புற்றுநோய் மிச்சமில்லை. ஆகவே கீமோ அவர்களுக்கு முழுதாக வேலை செய்திருந்தது. ஆனால் அது பையை எடுத்துச் சோதித்த பிறகு தெரிந்த செய்தி. எடுப்பதற்கு முன்பே அதை உறுதியாகச் சொல்லக்கூடிய ஸ்கேனோ, ரத்தப் பரிசோதனையோ இன்றும் நம் கையில் இல்லை. ஸ்கேனிலும் உள்நோக்குக் கருவியிலும் சுத்தமாகத் தெரிந்த பைகளில் கணிசமானவற்றில், வெட்டிப் பார்த்தால் செல்கள் ஒளிந்திருக்கின்றன. அப்படியே விட்டால், திரும்பி வரும்போது நோய் பையோடு நிற்காமல் போகலாம்.

பையைக் காப்பாற்றும் மாற்று வழியும் ஒன்று உண்டு. கட்டியை முடிந்தவரை சுரண்டி எடுத்துவிட்டு, கதிர்வீச்சையும் கீமோவையும் சேர்த்துக் கொடுப்பது. கட்டி சிறிதாக, ஒரே இடத்தில், சிறுநீரகத்தை அடைக்காமல் இருப்பவர்களுக்கு இது தகுந்த சிகிச்சையே. ‘எங்களுக்கு அது பொருந்துமா?’ என்று நேராகக் கேட்கலாம். ஆபரேஷனும் வேண்டாம், கதிர்வீச்சும் வேண்டாம் என்று ஊருக்குப் போய் நாட்டு மருந்தைத் தொடங்குவது மாத்திரம் மாற்று வழி ஆகாது. கீமோவால் சம்பாதித்த நன்மையை அப்படித்தான் பலர் கைநழுவ விடுகிறார்கள்.

நாள் கணக்கு

கடைசிக் கீமோ முடிந்து ரத்த அணுக்கள் பழைய நிலைக்கு ஏற வேண்டும், உடம்பு தேற வேண்டும். அதற்காக 4 முதல் 6 வாரம் விடுகிறார்கள். இடைவெளி 10, 12 வாரங்களுக்கு மேல் நீண்டால் பலன் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன.

நம் வீடுகளில் நாள் தள்ளிப்போவதற்குக் காரணங்கள் எளிதில் கிடைக்கும். ஆடி போகட்டும் என்பார்கள். பெண்ணின் கல்யாணம் முடியட்டும், பேரனின் பரீட்சை முடியட்டும் என்பார்கள். நல்ல நாள் பார்ப்பதில் தவறில்லை. டாக்டர் சொல்லும் காலத்துக்குள் அகப்படும் நல்ல நாளாக அது இருக்கட்டும். கடைசிக் கீமோ தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு, ஆறாவது வாரத்தையும் பத்தாவது வாரத்தையும் குறித்து வையுங்கள். பெரிய ஆஸ்பத்திரிகளில் ஆபரேஷன் தியேட்டருக்கு நீண்ட வரிசை உண்டு. கடைசிச் சுற்று ஆரம்பிக்கும்போதே சர்ஜனைப் பார்த்து நாள் கேட்பது நல்லது.

இந்த நாட்களில் 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் வந்தாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ ‘கஷாயம் குடிச்சா சரியாப் போகும்’ என்று இருக்கக் கூடாது. கீமோவால் எதிர்ப்பு சக்தி குறைந்திருக்கும். சிஸ்பிளாட்டினாலும் புற்றுநோயாலும் கால் நரம்பில் ரத்தம் உறையும் ஆபத்தும் உண்டு. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கஞ்சியும் பத்தியமும் போதாது

நோய் என்றால் நமக்குக் கஞ்சி, ரசம் சாதம், பத்தியம். ஜுரத்துக்கு அது சரி. இந்த ஆபரேஷனுக்குப் போகும் உடம்புக்கு அது பட்டினி. வெட்டிய குடல் ஒட்டவும், தையல் ஆறவும், கிருமியை எதிர்க்கவும் புரதம் வேண்டும். உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 1.2 முதல் 1.5 கிராம் வரை தினமும் தேவை என்பது பொதுவான கணக்கு. 60 கிலோ எடையுள்ளவருக்கு 72 முதல் 90 கிராம். ஒரு டம்ளர் அரிசிக் கஞ்சியில் இருப்பது ஒன்றிரண்டு கிராம்தான்.

ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். 200 மில்லி பாலில் 6 கிராமுக்குச் சற்று மேல். 100 கிராம் பனீரில் ஏறத்தாழ 18. சமைத்த கோழிக்கறி 100 கிராமில் 25. கொண்டைக்கடலைச் சுண்டல் ஒரு கிண்ணத்தில் 8 அல்லது 9. சைவமோ அசைவமோ, கணக்குப் போட்டு நாளைக்கு ஐந்தாறு வேளையாகப் பிரித்துக் கொடுத்தால் எட்டிவிடலாம். கீமோவுக்குப் பின் வாயில் உலோகச் சுவை இருக்கும், ‘எதுவும் பிடிக்கலை’ என்பார்கள். தயிர், எலுமிச்சை, கொத்தமல்லித் துவையல் இவற்றோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். ஏகாதசி, சஷ்டி, ரமலான் நோன்பு, தவக்கால உபவாசம் ஆகியவற்றை இந்த வாரங்களில் ஒத்திவையுங்கள். சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைப் பாதித்திருந்தால் புரத அளவு மாறும். ஆகவே கிரியாட்டினின் முடிவைக் காட்டி உணவியல் நிபுணரிடம் கேட்டுக்கொள்வது அவசியம். ரத்தசோகை இருந்தால் அதற்கும் இப்போதே வைத்தியம் பார்க்க வேண்டும்.

சாப்பாட்டோடு நடையும் வேண்டும். ‘பாவம், படுத்திருக்கட்டும்’ என்பது அன்பால் வரும் பேச்சு. ஆனால் படுத்தே இருந்தால் தசை கரையும். பத்துப் பத்து நிமிடமாக மூன்று வேளை நடக்கலாம். நாற்காலியில் உட்கார்ந்து கையூன்றாமல் எழுந்திருப்பதைப் பத்து முறை செய்யலாம். மூன்று பந்துகள் உள்ள மூச்சுப் பயிற்சிக் கருவியை ஆபரேஷனுக்கு முன்பே பழக வேண்டும். பலர் அதை ஊதுகிறார்கள். அது உறிஞ்சுவதற்கானது, மூச்சை மெதுவாக உள்ளே இழுத்துப் பந்தை மேலே நிறுத்த வேண்டும்.

புகையிலையை இன்றே விட வேண்டும். குறைந்தது நான்கு வாரம் விட்டால் நுரையீரலும் காயம் ஆறுவதும் தேறும். வெற்றிலையோடு போடும் புகையிலைக்கும், குட்காவுக்கும் இதுவே சட்டம்.

மாத்திரைப் பட்டியல்

சர்க்கரை, பிரஷர், இதயம் என்று நம்மவர்களில் அறுபதைத் தாண்டிய பலருக்கு மாத்திரை டப்பாவே தனி. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி மயக்க மருந்து டாக்டரிடம் காட்டுங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரைகளை ஆபரேஷனுக்குக் குறைந்தது 3 நாள் முன்பு நிறுத்தச் சொல்வார்கள். இல்லாவிட்டால் ரத்தத்தில் சர்க்கரை சரியாக இருக்கும்போதே அமிலம் ஏறும் ஆபத்து உண்டு. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளைத் தாமாகவே நிறுத்தவும் கூடாது, சொல்லாமல் தொடரவும் கூடாது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருப்பவர்கள் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். லேகியம், சூரணம், பஸ்பம், ஹோமியோபதி உருண்டை எதுவானாலும் பட்டியலில் சேருங்கள். நோய் எதிர்ப்புச் சக்தி மருந்து எடுத்தவர்களுக்குத் தைராய்டு, கார்ட்டிசால் அளவையும் பார்ப்பார்கள்.

சிறுநீருக்குப் புதிய வழி

பையை எடுத்த பிறகு சிறுநீர் வெளியேற வழி வேண்டும். இதற்குச் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் ஒரு துண்டைப் பயன்படுத்துகிறார்கள். முக்கியமாக இரண்டு முறைகள்.

முதலாவது, 1950இல் அமெரிக்க சர்ஜன் யூஜின் பிரிக்கர் விளக்கி எழுதிய முறை. 15 முதல் 20 சென்டிமீட்டர் குடலைத் தனியாக்கி, இரண்டு சிறுநீர்க் குழாய்களையும் அதில் இணைத்து, மறுமுனையை வயிற்றின் வலப்பக்கம் வெளியே கொண்டுவந்து தைப்பார்கள். வெளியே தெரியும் வாய்க்கு ஸ்டோமா என்று பெயர். கன்னத்தின் உட்புறம்போலச் சிவப்பாக, ஈரமாக இருக்கும், தொட்டால் வலிக்காது. சிறுநீர் அடக்க முடியாமல் வந்துகொண்டே இருக்கும். அதை ஏற்க வயிற்றில் ஒரு பை ஒட்டியிருக்கும். மூன்றில் ஒரு பங்கு, பாதி நிரம்பியதும் அடியில் உள்ள திறப்பைத் திறந்து கொட்டிவிடலாம். இரவில் ஒரு பெரிய பையோடு இணைத்துவிட்டுத் தூங்கலாம்.

இரண்டாவது, சுமார் 40 முதல் 60 சென்டிமீட்டர் குடலைப் பிரித்துத் தைத்து உருண்டையான புதுப்பையாக்கி, பழைய துவாரத்தோடே இணைப்பது. வெளியே பை இருக்காது. கேட்டவுடன் எல்லாரும் ‘இதுதான் வேணும்’ என்பார்கள். ஆனால் புதுப்பைக்கு முட்டும் உணர்வு கிடையாது. கடிகாரம் பார்த்து, ஆரம்பத்தில் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை, இரவிலும் அலாரம் வைத்து எழுந்து, வயிற்றை முக்கி வெளியேற்றப் பழக வேண்டும். பகலில் கசிவு நிற்கப் பல மாதம் ஆகலாம். சிலருக்கு இரவுக் கசிவு நீடிக்கும். சிலர் தாமே ரப்பர் குழாய் செலுத்திக் காலிசெய்ய வேண்டிவரும். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும், சிறுநீர்த் துவாரம்வரை நோய் பரவியவர்களுக்கும் இது பொருந்தாது.

இங்கே ஒரு நுட்பமான விஷயம். சிஸ்பிளாட்டின் சிலருக்கு விரல் நுனிகளை மரத்துப்போகச் செய்கிறது. சட்டைப் பொத்தான் போட முடியாதவருக்குப் பையை ஒட்டுவதும் சிரமம், குழாய் செலுத்துவதும் சிரமம். ‘கையில் உணர்ச்சி எப்படி இருக்கிறது?’ என்பதைச் சர்ஜனிடம் மறக்காமல் சொல்லுங்கள். எந்த முறை மேல் என்பதற்குப் பொதுவான தீர்ப்பு கிடையாது. நோயாளியின் சிறுநீரகம், கைத்திறன், வேலை, வயது, பொறுமை இவற்றைப் பார்த்து எடுக்கும் முடிவு அது.

வயிற்றில் ஒரு புள்ளி

ஆபரேஷனுக்கு முன் ஸ்டோமா செவிலியர் வயிற்றில் அழியாத மையால் ஒரு புள்ளி வைப்பார். சின்ன வேலையாகத் தெரிந்தாலும், பை கசியாமல் இருக்குமா என்பதை இந்தப் புள்ளிதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. படுத்து, உட்கார்ந்து, நின்று, குனிந்து நான்கு நிலையிலும் பார்த்து வைக்க வேண்டும். வயிற்று மடிப்பிலும், பழைய தழும்பிலும், இடுப்பெலும்பின் அருகிலும் வரக் கூடாது.

நம்மவர்கள் கூடுதலாகச் சொல்ல வேண்டியவை உண்டு. வேட்டி எங்கே கட்டுவீர்கள்? புடவைக் கொசுவமும் பாவாடை நாடாவும் எந்த இடத்தில் வரும்? அரைஞாண் கயிறு உண்டா? தரையில் சம்மணம் போட்டுச் சாப்பிடும் பழக்கமா? வழக்கமான உடையிலேயே போய்க் காட்டுவது நல்லது. நம் உடைப் பழக்கம் தெரியாத செவிலியருக்கு அப்போதுதான் புரியும். முடிந்தால் பையில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி ஒட்டிக்கொண்டு ஒரு நாள் நடமாடிப் பாருங்கள். புதுப்பை வைக்கத் திட்டமிட்டவர்களுக்கும் இந்தப் புள்ளி வேண்டும். மேஜையிலேயே திட்டம் மாற நேரலாம்.

மறைக்கக் கூடாத பேச்சு

‘அப்பாகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர், தாங்க மாட்டார்’ என்பது நம் வீடுகளில் வழக்கமான வேண்டுகோள். கட்டி என்று மட்டும் சொல்லிச் சமாளிப்பார்கள். இந்த ஆபரேஷனில் அது நடக்காத காரியம். மயக்கம் தெளிந்து வயிற்றைத் தடவிப் பார்க்கும்போது ஒரு பை ஒட்டியிருப்பதை அவரே கண்டுகொள்வார். முன்பே தெரியாதவருக்கு அது பேரிடி. தெரிந்தவருக்கோ, தானே சம்மதித்து எடுத்துக்கொண்ட ஏற்பாடு. பையை மாற்றக் கற்றுக்கொள்ள வேண்டியவரும் அவரே. ஆகவே உண்மையைப் பக்குவமாகச் சொல்லி, முடிவில் அவரையும் சேர்த்துக்கொள்வதுதான் முறை.

கணவன் மனைவிக்குள் பேசக் கூச்சப்படும் விஷயமும் ஒன்று. ஆபரேஷனுக்குப் பின் பெரும்பாலான ஆண்களுக்கு விறைப்புத் தன்மை பாதிக்கப்படும். பெண்களுக்கு உடலுறவு கடினமாகலாம். சிலருக்கு நரம்புகளையும் உறுப்புகளையும் காப்பாற்றிச் செய்ய வழி உண்டு. அதை முன்பே கேட்டால்தான் உண்டு.

‘பை வச்சுண்டு கோயிலுக்குப் போகலாமா, பூஜை பண்ணலாமா?’ என்று பெரியவர்கள் கேட்பார்கள். மருத்துவப்படி எந்தத் தடையும் இல்லை. சரியாக ஒட்டிய பை கசியாது, நாறாது, துணிக்கு மேல் தெரியாது. குளிக்கலாம், ரயிலில் போகலாம், வேலைக்குப் போகலாம்.

வெளியூரில் இருப்பவர்களுக்கு

ஆபரேஷனை இருக்கும் ஊரில் செய்வதா, தமிழ்நாட்டுக்குப் போய்ச் செய்வதா? மும்பை பரேலில் 1941 முதல் டாடா மெமோரியல் இருக்கிறது. சென்னை அடையாறில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. வேலூரில் சி.எம்.சி. இருக்கிறது. பெயரைவிட முக்கியம், அந்தக் குழு இந்த ஆபரேஷனை அடிக்கடி செய்கிறதா, ஸ்டோமா செவிலியர் உண்டா, வீடு திரும்பியபின் இரண்டு மூன்று மாதம் யார் கூட இருப்பார்கள் என்பவை.

ஊர் மாறுவதென்றால் கீமோ முடியும் முன்பே முடிவெடுங்கள். முதலில் சுரண்டி எடுத்த திசுவின் பயாப்ஸி அறிக்கை, அதன் கண்ணாடி ஸ்லைடுகள், மெழுகுக் கட்டிகள், கீமோ மருந்தின் பெயர், அளவு, தேதி எழுதிய தாள், ஸ்கேன் சி.டி. இவை எல்லாம் கையில் வேண்டும். இவை இல்லாமல் போனால் புது ஆஸ்பத்திரியில் பரிசோதனை முதலிலிருந்து தொடங்கும், விலைமதிப்புள்ள வாரங்கள் அதிலேயே போய்விடும்.

2018இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். திட்டத்தில் சேர்ந்துள்ள வேறு மாநில ஆஸ்பத்திரிகளிலும் அட்டை செல்லும். 2024 அக்டோபர் முதல் 70 வயதைக் கடந்தவர்களுக்கு வருமான வரம்பு இல்லை. புற்றுநோயாளிக்கும் துணைக்கு வருபவர் ஒருவருக்கும் ரயில் கட்டணச் சலுகை உண்டு. அதற்கான படிவத்தில் ஆஸ்பத்திரி டாக்டரின் கையெழுத்து வாங்க வேண்டும். ஒட்டும் பைக்கான செலவு ஆபரேஷனோடு முடியாமல் மாதாமாதம் தொடரும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ரோபோ ஆபரேஷனுக்காகக் கடன் வாங்க நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளலாம். 2018இல் லான்செட் இதழில் வந்த ஒப்பீட்டு ஆய்வில், ரோபோ முறையில் ரத்த இழப்பு குறைவாக இருந்தது. ஆனால் 2 ஆண்டுவரை நோய் முற்றாமல் இருந்தவர்கள் இரு முறையிலும் 100க்கு ஏறத்தாழ 72 பேர்தான். கைதேர்ந்த சர்ஜன் வழக்கமான முறையில் செய்வது குறைந்த சிகிச்சை ஆகாது.

வீட்டில் ஒரு கட்டில் வேண்டும். தரையில் படுத்தெழுந்தால் வயிற்றுத் தையல் இழுக்கும். கட்டிலின் பக்கத்தில் இரவுப் பை தொங்க ஒரு கொக்கி, கழிவறையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. ஆறு வாரத்துக்குத் தண்ணீர்க் குடம், சிலிண்டர், பேரக்குழந்தை எதையும் தூக்கக் கூடாது.

ஆபரேஷனும் பிறகும்

முன்னாளில் மூன்று நாள் பட்டினி போட்டுக் குடலைக் கழுவுவார்கள். இப்போது பல மையங்களில் அது இல்லை. கெட்டி உணவை 6 மணி நேரம் முன்புவரையும், தெளிந்த நீராகாரத்தை 2 மணி நேரம் முன்புவரையும் அனுமதிக்கிறார்கள். உங்கள் ஆஸ்பத்திரி சொல்வதைப் பின்பற்றுங்கள். ஆபரேஷன் பல மணி நேரம் ஆகும். ரத்தம் தேவைப்படலாம், கொடுக்கக்கூடியவர்களை முன்பே சொல்லி வைப்பது நல்லது. மறுநாளே எழுந்து நடக்கச் சொல்வார்கள். குடல் சீக்கிரம் வேலை செய்யச் சூயிங்கம் மெல்லச் சொல்வதும் உண்டு.

மூன்று மாதத்துக்குள் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சிறிதோ பெரிதோ ஏதாவது ஒரு சிக்கல் வருகிறது. குடல் மந்தம், கிருமித் தொற்று, ரத்த உறைவு ஆகியவை முக்கியமானவை. ரத்தம் உறையாமலிருக்கச் சுமார் நான்கு வாரம் தினமும் ஊசி போடச் சொன்னால் வீட்டுக்கு வந்தபின்னும் விடாமல் போடுங்கள். சிறுநீரில் வெள்ளைக் கருபோல நூல் நூலாக வந்தால் பயப்பட வேண்டாம். அது குடலின் இயல்பான சளி. குடலின் அந்தப் பகுதியை எடுத்ததால் சில ஆண்டுகளில் பி12 வைட்டமின் குறையலாம். ஆண்டுதோறும் அதையும் சிறுநீரகத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சர்ஜனிடம் கேட்க

1. பையைக் காப்பாற்றும் சிகிச்சை எங்களுக்குப் பொருந்துமா? பொருந்தாதென்றால் ஏன்?
2. கடைசிக் கீமோவிலிருந்து எத்தனையாவது வாரத்தில் ஆபரேஷன்?
3. இரண்டு முறைகளில் எது, எந்தக் காரணத்தால்?
4. ஸ்டோமா இடத்தை யார், எப்போது குறிப்பார்கள்?
5. எந்த மாத்திரையை எந்தத் தேதியில் நிறுத்த வேண்டும்?
6. வீடு திரும்பியபின் இரவில் அவசரம் என்றால் எந்த எண்ணுக்குப் பேசுவது?

மொழி தடையானால் தமிழும் உள்ளூர் மொழியும் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துப்போங்கள். சம்மதப் படிவத்தைப் புரியாமல் கையெழுத்திட வேண்டாம். நம் சங்கங்களால் ஆகக்கூடிய உதவியும் இதில் உண்டு. ரத்தம் கொடுக்க இளைஞர்களும், ஆஸ்பத்திரி வாசலில் மொழிபெயர்க்க ஒருவரும், இரண்டு வேளைச் சாப்பாடு அனுப்ப ஒரு வீடும் கிடைத்தால் தனியாகத் தவிக்கும் குடும்பத்துக்குப் பாதி பாரம் இறங்கும். எல்லாவற்றையும்விட, இதே ஆபரேஷன் ஆகிப் பல ஆண்டுகளாக நன்றாக நடமாடும் ஒருவரை ஆபரேஷனுக்கு முன்னால் நோயாளியோடு ஒரு மணி நேரம் பேச வையுங்கள். ஆஸ்பத்திரியின் ஸ்டோமா பிரிவில் கேட்டால் அப்படிப்பட்டவரை அறிமுகம் செய்துவைப்பார்கள். வேட்டிக்குள் பை இருப்பது தெரியாமல் எதிரே உட்கார்ந்து அவர் காபி குடிப்பதைப் பார்த்தாலே நோயாளிக்குப் பாதி பயம் போய்விடும்.